ஆயா பார்த்த காரும், எங்க வீட்டுக்கு வந்த மாணவியும்

போன ஆடியில வேர்க்கடலைக்குக் களை வெட்டிட்டு இருந்தோம். தெரு முனையில ஒரு காலேஜ் பஸ் வந்து நின்னுது. வெள்ளைக் கோட்டுப் போட்ட பசங்க இருபது முப்பது பேர் இறங்கினாங்க. நர்சம்மா முன்னாடி நடக்க, ஆளுக்கு ஒரு பக்கம் பிரிஞ்சு போனாங்க. எங்க தெருவுக்கு ஒரு பொண்ணு. ஐந்து வீடு அதோட கணக்கு. அதுல எங்க வீடு ஒண்ணு.

தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல கொண்டுவந்த திட்டம் இது. எம்.பி.பி.எஸ். சேர்ந்த முதல் வருஷத்திலேயே மாணவர்கள் சில கிராமக் குடும்பங்களைத் தத்து எடுத்துக்கணும், தொடர்ந்து வந்து பார்க்கணும். தத்துன்ற வார்த்தையைக் கேட்டு என் சம்சாரம் சிரிச்சா. "நமக்கு அம்பது வயசுக்கு மேல ஆயிடுச்சு, இப்ப வந்து தத்து எடுக்குதா இந்தப் புள்ள?"

பொண்ணு கேட்ட கேள்விகளும் அப்படித்தான் இருந்துது. எத்தனை ஆடு, எத்தனை மாடு, தண்ணி எங்க பிடிக்கிறீங்க, அடுப்பு விறகா கேஸா, கழிவறை இருக்கா, அதைப் பயன்படுத்துறீங்களா. கடைசிக் கேள்விக்கு நான் வானத்தைப் பார்த்தேன். எங்க கழிவறையில அப்போ விறகு அடுக்கி வச்சிருந்தோம். "இன்னாம்மா, இதெல்லாமா டாக்டர் படிப்புல வருது?"ன்னு சம்சாரம் கேட்டா. அது பதில் சொல்லாம பிரஷர் மெஷினை எடுத்து அவ கையில சுத்திச்சு. ஒரு தடவை பார்த்துச்சு. பத்து நிமிஷம் உட்கார வச்சு மறுபடி பார்த்துச்சு. 180-க்கு 110. அவளுக்குத் தலைவலி வந்து ஆறு மாசம் ஆச்சு. வெயில்ல நிக்கிறதாலன்னு நாங்க நினைச்சிட்டிருந்தோம்.

இந்தப் பதிவு அதைப் பத்தி மட்டும் இல்லை. அந்தப் பொண்ணு போன பிறகு எனக்கு என் ஆயா ஞாபகம் வந்துடுச்சு. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்க எங்க பக்கத்துக் கிராமங்களுக்கு வர்றது இன்னிக்கு நேத்து கதை இல்லை. நூறு வருஷக் கதை. பட்டணத்துல இருக்கிற நீங்க இதைத் தெரிஞ்சுக்கணும்னு தோணுது.

எங்க ஊர் வேலூர்ல இருந்து குடியாத்தம் போற பக்கம். ஐடா ஸ்கடர் பேரை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க. திண்டிவனத்துல ஒரே ராத்திரியில மூணு பொண்ணுங்க பிரசவத்துல செத்ததைப் பார்த்துட்டு, அமெரிக்கா போய் டாக்டருக்குப் படிச்சு, 1900-ல திரும்பி வந்தவங்க. 1902-ல வேலூர்ல ஆஸ்பத்திரி ஆரம்பிச்சாங்க. ஆனா ஆஸ்பத்திரிக்கு வரமுடியாத ஜனம்தானே அதிகம்? அதனால இவங்களே கிளம்பிட்டாங்க. 1909-ல பிரான்ஸ் நாட்டு பெஜோ கார் ஒண்ணு வந்துது. அதுக்கு முன்னாடி கார்ன்னா என்னன்னே தெரியாத ஜனம், பேய் வருதுன்னு ஓடினாங்களாம். அப்புறம் பழகிடுச்சு. குடியாத்தம் ரோட்டுல மரத்தடி மரத்தடியா நிறுத்தி வைத்தியம் பார்த்தாங்க. இங்கிலீஷ்ல அதுக்குப் பேரே 'ரோட்சைட்'.

ஆயா சின்னப் பொண்ணா இருக்கும்போது கால்ல ஆறாத புண்ணாம். அவங்க நைனா தோள்ல தூக்கிட்டுப் போய் புளியமரத்தடியில உட்கார வச்சாராம். கட்டுப் போட்டது டாக்டரம்மா இல்லையாம். "கூட வந்த நம்ம பக்கத்துப் பொண்ணுங்கடா. பொடவை கட்டிக்கிட்டு, நம்ம மாதிரியே பேசிக்கிட்டு"ன்னு ஆயா சொல்லும். ரொம்ப நாள் நான் அவங்க நர்சுங்கன்னு நினைச்சிருந்தேன். நர்சும் இருந்திருப்பாங்க. ஆனா 1918-ல ஐடா பெண்களுக்குன்னு மருத்துவப் பள்ளி திறந்துட்டாங்க. அந்தப் பொண்ணுங்களையும் ரோட்டோர வைத்தியத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க. ஆயா கால் புண்ணைக் கழுவினது படிக்கிற பிள்ளையா இருக்கலாம்னு இப்போதான் கணக்குப் போடுறேன்.

அந்தப் பள்ளியில முதல்ல சொல்லிக்கொடுத்தது எம்.பி.பி.எஸ். இல்லை, எல்.எம்.பி. அதைவிடக் காலமும் செலவும் குறைஞ்ச படிப்பு. ராயபுரத்துல இருந்த பள்ளியும் (பின்னாடி 1938-ல ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆனது அதுதான்) இப்படி எல்.எம்.பி. டாக்டர்களைத் தயாரிச்சுது. சின்ன ஊர்கள்ல கடை போட்டு உட்கார்ந்தவங்க அதிகம் இவங்கதான். எங்க நைனா காலத்துல பக்கத்து டவுன்ல ஒரு எல்.எம்.பி. டாக்டர் இருந்தார். பாட்டில் நாமதான் கொண்டுபோகணும். கலர் தண்ணி மாதிரி மருந்து ஊத்தி, எந்த வேளைக்கு எவ்வளவுன்னு காகிதத்தை வெட்டி ஒட்டிக் கொடுப்பார். ராத்திரி கூப்பிட்டாலும் சைக்கிள்ல வருவாராம்.

1946-ல போர் கமிட்டி அறிக்கை வந்துது. (சர் ஜோசப் போர்ன்றவர் தலைமை, சண்டைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.) அப்போ இந்தியா முழுக்கப் பதிவு பண்ணின டாக்டருங்க சுமார் 47,000 பேர். மூணுல ரெண்டு பங்குக்குக் கிட்ட எல்.எம்.பி.தான். கமிட்டி என்ன சொல்லிச்சு? ரெண்டு தரம் வேண்டாம், நாடு முழுக்க ஒரே மாதிரி டாக்டர் போதும், எல்.எம்.பி. படிப்பை நிறுத்திடுங்கன்னு சொல்லிச்சு. சில உறுப்பினர்கள் ஒத்துக்காம மாற்றுக் கருத்து எழுதினாங்க. கிராமத்துக்கு யார் போவாங்கன்றதுதான் அவங்க கேள்வி.

கமிட்டிக்கும் அந்தக் கவலை இருந்துது. அதனால ரெண்டு விஷயம் சொல்லிச்சு. ஒண்ணு, 40,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், அதுல ரெண்டு டாக்டர். இன்னொண்ணு, டாக்டருக்குப் படிக்கிற எல்லாருக்கும் நோய்த்தடுப்பு, சமூக மருத்துவத்துல மூணு மாசப் பயிற்சி. இன்னிக்கு ஹவுஸ் சர்ஜனுங்க ஹெல்த் சென்டருக்கு வர்றதுக்கு விதை போட்டது அந்த அறிக்கைதான். எல்.எம்.பி.யை எடுத்துட்டு, அந்த இடத்துல மூணு மாசம் வந்துபோற பிள்ளைகளை வச்சாங்கன்னு நான் சொன்னா படிச்சவங்க சண்டைக்கு வருவாங்க. எங்களுக்கு அப்படித்தான் தெரிஞ்சுது.

1952 அக்டோபர் 2-ம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் வந்துது. அதோட ஒரு பிளாக்குக்கு ஒரு ஹெல்த் சென்டர்னு கட்ட ஆரம்பிச்சாங்க. போர் கமிட்டி கேட்டது 40,000 பேருக்கு ஒண்ணு. கிடைச்சது லட்சம் பேருக்குக் கிட்ட ஒண்ணு. பிள்ளைங்க பயிற்சிக்கு வர்ற இடமும் அதுதான்.

1975-ல ஸ்ரீவஸ்தவா குழுன்னு ஒண்ணு, டாக்டர் படிப்பு ஜனங்களோட தேவைக்குப் பொருந்தாம இருக்குன்னு சொல்லிச்சு. அதுல இருந்து 1977-ல 'ரோம்'னு ஒரு திட்டம் வந்துது. இத்தாலி ரோம் இல்லை, மருத்துவக் கல்வியைத் திசை திருப்புறதுன்ற அர்த்தத்துல இங்கிலீஷ் சுருக்கம். ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூணு பிளாக்கைப் பொறுப்பு எடுத்துக்கணும். அதுக்காக பிரிட்டன்காரங்க நடமாடும் மருத்துவமனை வண்டிங்க கொடுத்தாங்க, கல்லூரிக்கு மூணு.

அந்த வண்டியை நான் பார்த்திருக்கேன். எந்தக் கல்லூரின்னு சொல்ல வேண்டாம். 1984-85 இருக்கும், நான் ஹைஸ்கூல் படிக்கிறேன். பஸ்ஸை விட உசரம். முதல் தடவை வந்தப்போ ஊரே கூடிச்சு, பசங்க எங்க பல்லு, கண்ணு எல்லாம் பார்த்தாங்க. ரெண்டாவது தடவை ஏரிக்கரை வளைவுல திரும்ப முடியல. புளியமரக் கிளை மேல இடிக்குது, பின்சக்கரம் சேத்துல இறங்கிடுச்சு. எங்க வீட்டு மாடு ரெண்டு ஜோடி கட்டி இழுத்தோம். மூணாவது தடவை அது வரவே இல்லை. எந்த ஊர் ரோட்டை மனசுல வச்சு அதைச் செஞ்சாங்களோ.

இனி சொல்லப்போறது எங்க அக்கா கதை. 1991, கார்த்திகை மாசம். ரெண்டாவது பிரசவம் வீட்டுலயே ஆயிடுச்சு. குழந்தை நல்லா இருக்கு. ஆனா அக்காவுக்கு ரத்தம் நிக்கல. மருத்துவச்சி கையை விரிச்சிட்டா. ராத்திரி பத்து மணி. 108 எல்லாம் 2008-லதான் வந்துது, அப்போ ஏது? ரைஸ் மில் டெம்போவுல பாயைப் போட்டுப் படுக்க வச்சு ஹெல்த் சென்டருக்குப் போனோம். டாக்டர் டவுன்ல குடியிருக்கார், சாயங்காலமே போயிட்டார். ஹவுஸ் சர்ஜனுங்க தங்குறதுக்குன்னு கட்டின ரூம்ல பழைய கட்டிலும் டி.டி.டி. மூட்டையும் கிடக்கும். அவங்களும் தினம் மத்தியானம் பஸ் பிடிச்சுப் போயிடுவாங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான்.

அன்னிக்கு ஒரு பையன் மட்டும் இருந்தான். ஏன்னா கடைசி பஸ்ஸை விட்டுட்டான். பெஞ்சு மேல படுத்திருந்தவன் எழுந்து வந்தான். மீசைகூட சரியா முளைக்கல. கை நடுங்கிச்சு, நான் பார்த்தேன். "நான் இன்னும் முழு டாக்டர் இல்லைங்க"ன்னான். எங்க நைனா, "பரவால்ல தம்பி, உனக்குத் தெரிஞ்சதைச் செய்யி"ன்னார். ஒரு ஊசி போட்டான், கையில குளுக்கோஸ் ஏத்தினான், அடிவயித்தை ஒரு கையால அழுத்திப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தான். அப்புறம் டெம்போவுல அவனும் ஏறினான். பெரிய ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் பாட்டிலை நான் தூக்கிப் பிடிச்சேன், அவன் வயித்துல இருந்து கையை எடுக்கல. அங்க ரத்தம் ஏத்தினாங்க. அக்கா பிழைச்சுது. பிறந்த பையனுக்கு இப்போ முப்பத்தஞ்சு வயசு ஆகப்போகுது.

அவன் பேரைக் கேக்கல. அந்த நேரத்துல யாருக்கும் தோணல. அந்தப் பையன் அன்னிக்கு பஸ்ஸைப் பிடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு எங்க வீட்டுல யாரும் வாய் விட்டுப் பேசுறதில்லை.

அதனாலதான் 2007-ல எனக்கு அவ்வளவு கோபம் வந்துது. அப்போ மத்திய சுகாதார அமைச்சரா இருந்த அன்புமணி ராமதாஸ், எம்.பி.பி.எஸ்.க்கு இன்னொரு வருஷம் சேர்த்து கிராமத்துல வேலை பார்க்கணும்னு சொன்னார். அஞ்சரை வருஷம் ஆறரை ஆகும். தமிழ்நாட்டு மாணவர்கள் போராட்டத்துல இறங்கினாங்க. டீக்கடையில நான், "ஒரு வருஷம் எங்க ஊர்ல இருந்தா செத்தா போயிடுவாங்க?"ன்னு கத்தினது ஞாபகம் இருக்கு. அவங்க பக்க நியாயத்தைப் பின்னாடிதான் படிச்சேன். நிரந்தர வேலை கொடுங்க, வர்றோம். வருஷா வருஷம் புதுப் பிள்ளையைக் குறைஞ்ச சம்பளத்துல அனுப்பி இடத்தை நிரப்பாதீங்கன்னு கேட்டாங்க. அதுவும் சரிதான். விவசாயிக்குத் தெரியும், வருஷா வருஷம் ஆள் மாறுற குத்தகை நிலம் எப்படி இருக்கும்னு. கடைசியில அந்தத் திட்டம் நடக்கல.

தமிழ்நாட்டுல டாக்டருங்க ஹெல்த் சென்டருக்கு வந்ததுக்குப் பெரிய காரணம் வேற. அரசு வேலையில இருக்கிறவங்களுக்கு மேல்படிப்பு இடத்துல பாதி ஒதுக்கீடு. கிராமத்துல சில வருஷம் இருந்தா எம்.டி. சீட்டு கிடைக்கும்ன்ற நம்பிக்கை. நடுவுல அதுக்குச் சிக்கல் வந்து, 2020 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் மாநிலங்கள் இப்படி ஒதுக்கலாம்னு தீர்ப்புச் சொல்லிச்சு. பிள்ளைங்க நல்ல மனசு மட்டும் வச்சு வரணும்னு எதிர்பார்க்காம, வர்றதுக்கு ஒரு வழி பண்ணி வச்சிருக்காங்க. வேலூர் சி.எம்.சி.யும் இன்னொரு விதத்துல அதையேதான் செய்யுது. முதல் வருஷப் பிள்ளைங்க சில வாரம் கிராமத்துலயே தங்கிக் கணக்கெடுக்குறாங்க. படிச்சு முடிச்சவங்க மிஷன் ஆஸ்பத்திரிகள்ல ரெண்டு வருஷம் வேலை பார்க்கணும்னு ஒப்பந்தம். மகாராஷ்டிராவுல காந்தி இருந்த சேவாகிராமத்துல 1969-ல ஆரம்பிச்ச கல்லூரியிலயும் பிள்ளைங்க கிராமத்தைத் தத்து எடுக்குறாங்க. இன்னிக்கு எங்க தெருவுக்கு வர்ற திட்டம் இங்கெல்லாம் முன்னாடியே நடந்ததுதான்.

இப்போ ஹவுஸ் சர்ஜனுக்குச் சமூக மருத்துவம் 12 வாரம். எங்க ஹெல்த் சென்டர்லயும் ராத்திரி நர்ஸ் இருக்காங்க, பிரசவம் பார்க்குறாங்க. பயிற்சிப் பிள்ளைங்க தங்குற ரூம் மட்டும் இன்னும் ஒழுகுது. கிராம சபையில ரெண்டு தடவை மனு கொடுத்தேன். மூணாவதும் எழுதி வச்சிருக்கேன்.

அந்தப் பொண்ணைப் பத்திச் சொல்லாம விட்டுட்டேன். ராமநாதபுரம் பக்கம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுல சேர்ந்ததாம். ரெண்டாவது தடவை வந்தப்போ எங்க வேர்க்கடலையைப் பார்த்துட்டு, "ஐயா, மண்ணு அணைக்கலையா?"ன்னு கேட்டுச்சு. விழுது இறங்குற நேரம். நான் ஆள் கிடைக்காம விட்டிருந்தேன். மானம் போச்சு. மறுநாளே அணைச்சேன்.

சம்சாரம் இப்போ மாத்திரை சாப்பிடுறா. மக்களைத் தேடி மருத்துவத்துல மாசம் ஒரு தடவை வீட்டுக்கே கொண்டுவந்து தர்றாங்க. பிரஷர் 140-க்கு 90-க்கு வந்திருக்கு. கருவாட்டுக் குழம்பு விஷயத்துல மட்டும் ரெண்டு பேருக்கும் இன்னும் தகராறு. நடுவுல பரீட்சைன்னு ரெண்டு மாசம் அந்தப் பொண்ணு வரல. விறகை எடுத்துட்டுக் கழிவறையைக் கழுவி வச்சிருக்கோம். வர்ற வியாழக்கிழமை வருதாம். பிடுங்கின கடலையில ஒரு படி காயவச்சு எடுத்து வச்சிருக்கா. இந்தத் தடவை பேரை எழுதி வாங்கிக்கோன்னு என்கிட்ட சொல்லியிருக்கா.