உபகாரமா, சம்பளமா?



நம் நாட்டுத் தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு சொல் 'உபகாரச் சம்பளம்'. நன்கு பயிலும் மாணவருக்கு அரசோ அறவாரியமோ கொடுக்கும் உதவித்தொகையை இச்சொல்லால் குறிக்கிறோம். சற்றே நின்று எண்ணிப் பார்த்தால் இச்சொல் வியப்பூட்டும். உபகாரம் என்பது கைம்மாறு கருதாமல் கொடுப்பது. சம்பளம் என்பது உழைப்புக்கு ஈடாகப் பெறுவது. முரணான இவ்விரு கருத்துகளையும் ஒரே சொல்லில் அடக்கி, எவ்விதக் குழப்பமுமின்றி நாம் பயன்படுத்தி வருகிறோம்!

அமெரிக்காவிலோ இதே முரண் நூறாண்டுக்கும் மேலாக ஒரு பெரும் வழக்காக நடந்து வந்திருக்கிறது. கல்லூரிக்காக விளையாடும் மாணவருக்குக் கல்லூரி கொடுப்பது உபகாரமா, சம்பளமா? அவருக்கு ஊதியம் கொடுக்க வேண்டுமா, கூடாதா? பள்ளி விளையாட்டுப் போட்டி நாள்களில், "காசுக்காக ஆடுவது இழிவு, ஆட்டத்துக்காக ஆடுவதே உயர்வு" என்று நானும் மாணவர்களிடம் பலமுறை கூறியிருக்கிறேன். இவ்வரலாற்றைப் படித்த பின்னர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல என் நா எழவில்லை. அதன் காரணத்தைத் தங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடக்கமே வாணிகம்தான்

அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் விளையாட்டுப் போட்டி, 1852ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வின்னிபெசாக்கி ஏரியில் நடைபெற்ற படகோட்டப் போட்டியாகும். ஹார்வர்ட் மாணவர்களும் யேல் மாணவர்களும் மோதினர், ஹார்வர்ட் வென்றது. போட்டிக்கான செலவை ஏற்றுக்கொண்டது கல்லூரி அன்று; ஒரு தொடர்வண்டி நிறுவனம்! போட்டியைக் காண மக்கள் திரண்டு வந்தால் பயணச்சீட்டு விற்கும் என்பது அதன் கணக்கு. ஆகவே, கல்லூரி விளையாட்டு தூய்மையாகத் தொடங்கிப் பின்னர் பணத்தால் கெட்டது என்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. முதல் நாளிலேயே பணம் அங்கு இருந்தது. அது துடுப்பு வலித்தவரின் கைக்கு மட்டும் ஊதியமாக வந்து சேரவில்லை.

ஊதியம் பெறாமல் ஆடுவதே உயர்வு என்னும் கொள்கை இங்கிலாந்திலிருந்து வந்தது. அதன் பின்னணியை அறிந்தபோது நான் திடுக்கிட்டேன். 1879இல் புகழ்பெற்ற ஹென்லி படகுப் போட்டியினர் வகுத்த விதி, பரிசுப் பணத்துக்காகப் போட்டியிட்டவர்களை மட்டும் விலக்கவில்லை. கூலிக்குக் கைத்தொழில் செய்பவர்களையும் உடலுழைப்புத் தொழிலாளர்களையும் சேர்த்தே விலக்கியது. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு ஊதியம் தேவையில்லை. ஏழைக்கோ ஊதியமின்றி விளையாட நேரமில்லை. உயர்ந்த அறமாகத் தோன்றிய விதி, வேலியாகவும் பயன்பட்டது.

அவ்வேலியில் சிக்கியவர்களுள் ஒருவர் ஜிம் தோர்ப். பென்சில்வேனியாவிலிருந்த கார்லைல் பள்ளியில் பயின்ற அமெரிக்கப் பழங்குடி மாணவர். 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப் பதக்கங்களை வென்றார். அதற்கு முன்பு, 1909, 1910ஆம் ஆண்டுகளில் வட கரோலினாவில் சிறுதொகைக்காகப் பேஸ்பால் ஆடியிருந்தார் என்ற காரணத்தால் 1913இல் அவருடைய பதக்கங்கள் பறிக்கப்பட்டன. அவர் 1953இல் மறைந்தார். பதக்கங்களைத் திருப்பியளிக்க 1982இல்தான் ஒலிம்பிக் குழு இணங்கியது. தனி வெற்றியாளராக 2022இல்தான் அறிவித்தது.

சங்கமும் அதன் விதிகளும்

அமெரிக்கக் காற்பந்தாட்டம் அக்காலத்தில் மிகக் கொடியதாக இருந்தது. ஆடுகளத்தில் இளைஞர்கள் மாண்டனர். 1905இல் அதிபர் தியோடர் ரூசவெல்ட், ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆகிய கல்லூரிகளின் பொறுப்பாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து ஆட்டத்தைத் திருத்துமாறு வலியுறுத்தினார். அதனைத் தொடர்ந்து 1906இல் கல்லூரிகளின் கூட்டமைப்பொன்று உருவாகி, 1910இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் எனப் பெயர் பெற்றது. அதுவே இன்று என்.சி.ஏ.ஏ. என்று அறியப்படுவது. மாணவரின் உயிரைக் காக்கும் நோக்கில் பிறந்த சங்கம் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டுகிறேன்.

விளையாட்டாளருக்கு ஊதியமில்லை என்பது சங்கத்தின் கொள்கை, நடைமுறையோ வேறு. 1929இல் கார்னகி அறநிறுவனம் வெளியிட்ட ஆய்வறிக்கை, கல்லூரிகள் பலவும் திறமையான ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்து மறைமுகமாகப் பணம் கொடுத்து வந்ததை அம்பலப்படுத்தியது. 1948இல் சங்கம் கடும் விதிகளை இயற்றியது. அவற்றை மீறிய ஏழு கல்லூரிகளை வெளியேற்ற 1950இல் முயன்று தோற்றது. மறு ஆண்டே அவ்விதிகள் கைவிடப்பட்டன. இறுதியாக 1956இல், விளையாட்டுத் திறனுக்காகவே கல்வி உதவித்தொகை கொடுக்கலாம் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. 'உபகாரச் சம்பளம்' பிறந்துவிட்டது!

ஒரு சொல் பிறந்த கதை

இவ்விடத்தில்தான் மொழியாசிரியனாகிய என்னை மிகவும் பாதித்த செய்தி வருகிறது.

டென்வர் பல்கலைக்கழகத்தில் பயின்ற எர்னஸ்ட் நெமெத் என்னும் மாணவர் காற்பந்துப் பயிற்சியின்போது முதுகில் காயமுற்றார். அவருக்கு வளாகத்தில் சிறு வேலையும் ஊதியமும் கொடுக்கப்பட்டிருந்தன. ஆனால் அவ்வேலை அவர் காற்பந்து ஆடுவதைப் பொறுத்தே இருந்தது. ஆகவே அவர் பணியாளரே, இழப்பீடு பெற உரியவரே என்று 1953இல் கொலராடோ மாநில உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்லூரிகள் அஞ்சின. ஆட்டக்காரர் பணியாளர் என்றால், நம் தொழிலாளர்களுக்குச் சொக்சோ இருப்பதுபோல் அவர்களுக்கும் இழப்பீடு கொடுக்க வேண்டுமே!

அச்சூழலில் 'மாணவ விளையாட்டாளர்' என்னும் சொல் உருவாக்கப்பட்டது. விளையாட்டாளர் முதலில் மாணவரே, பணியாளர் அல்லர் என்று நிலைநாட்டுவதே அதன் நோக்கம். 1951 முதல் 1987 வரை சங்கத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த வால்டர் பையர்ஸ், 1995இல் வெளியிட்ட தம் நூலில் இதனை ஒப்புக்கொண்டு, தாம் கட்டிக்காத்த அமைப்பையே கடுமையாகச் சாடினார்.

1955இல் ரே டெனிசன் என்பவர் கொலராடோவின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காகக் காற்பந்து ஆடியபோது தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி இழப்பீடு கேட்டு வழக்காடினார். கல்லூரி காற்பந்து வாணிகம் நடத்தவில்லை, டெனிசன் பணியாளரும் அல்லர் என்று அதே உச்சநீதிமன்றம் 1957இல் தீர்ப்புரைத்தது. இழப்பீடு கிடைக்கவில்லை. 1974இல் டெக்சஸ் கிறித்தவப் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய கெண்ட் வால்ட்ரெப், ஓர் ஆட்டத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். பல்லாண்டுகள் போராடியும், அவர் பணியாளர் அல்லர் என்றே 2000ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கூறிவிட்டது.

சொல் என்பது காற்றில் கரையும் ஒலி என்று எண்ணுபவர்கள் இவ்விருவர் வாழ்வையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கல்வியே ஊதியம் என்றால்...

"அவர்களுக்கு இலவசக் கல்வி கிடைக்கிறதே, அதைவிடப் பெரிய ஊதியம் உண்டா?" என்று பலரும் கேட்பர். ஆசிரியர் என்ற முறையில் இவ்வாதம் எனக்கும் இனிக்கவே செய்கிறது. கல்வியை விலைமதிப்பற்றதாகக் கருதும் இனமல்லவா நாம்! ஆயினும், கல்வியே ஊதியம் என்று ஒப்பந்தம் செய்தால் அவ்வூதியம் குறைவின்றிக் கொடுக்கப்பட்டதா என்று கேட்கவும் வேண்டுமல்லவா?

1973இல் சங்கம், நான்காண்டுகளுக்கு வழங்கிவந்த உதவித்தொகையை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் முறைக்கு மாற்றியது. ஆட்டம் சோர்ந்தால் படிப்புக்கான பணமும் நின்றுபோகலாம் என்ற நிலை உருவாயிற்று. பல்லாண்டு உதவித்தொகை வழங்கக் கல்லூரிகள் மீண்டும் அனுமதி பெற்றது 2012இல்தான்.

அதைவிட வேதனையானது வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. அங்கு 18 ஆண்டுகளாக, விரிவுரையாளரே இல்லாத 'காகித வகுப்புகள்' நடந்ததாக 2014இல் ஒரு விசாரணை அறிக்கை வெளிப்படுத்தியது. ஒரே ஒரு கட்டுரையை எழுதிக்கொடுத்தால் போதும். அலுவலகப் பணியாளரே தாராளமாக மதிப்பெண் போட்டார். அவ்வகுப்புகளில் பதிந்த 3,100க்கும் மேற்பட்ட மாணவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் விளையாட்டாளர்கள்! அவ்வகுப்புகள் எல்லா மாணவர்களுக்கும் திறந்திருந்தன என்பதால் தன் விதி மீறப்பட்டதாகக் கூற இயலாதென 2017இல் சங்கம் தண்டனையின்றி வழக்கை முடித்துக்கொண்டது. ஊதியமாகக் கொடுத்த காசு செல்லாக்காசாக இருந்தால் அதனை என்னவென்று சொல்வது?

நீதிமன்றத்தின் திருப்பம்

மறுபுறம், பணம் பெருகிக்கொண்டே சென்றது. தொலைக்காட்சி உரிமையைச் சங்கம் ஒன்றே கட்டுப்படுத்துவது சட்டவிரோதம் என 1984இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னர், கல்லூரிகள் தாமே ஒளிபரப்பு உரிமையை விற்கலாயின. 2010இல் ஆண்கள் கூடைப்பந்துத் தொடர் ஒன்றுக்கு மட்டும் 14 ஆண்டுகளுக்கு 10.8 பில்லியன் டாலர் ஒப்பந்தம் கையெழுத்தானது. 

1995இல் லாஸ் ஏஞ்சலிஸின் யூ.சி.எல்.ஏ. கூடைப்பந்துக் குழுவில் வெற்றிவாகை சூடிய எட் ஓபானன், பின்னாளில் ஒரு கணினி விளையாட்டில் தம் சாயலில் ஓர் உருவம் ஆடுவதைக் கண்டார். அதற்காக அவருக்கு ஒரு காசும் கொடுக்கப்படவில்லை. 2009இல் அவர் வழக்குத் தொடுத்தார். 2014இல் நீதிபதி கிளாடியா வில்கன் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2021 ஜூன் 21ஆம் நாள், கல்வி தொடர்பான நன்மைகளுக்குச் சங்கம் வரம்பு விதித்தது சட்டத்துக்கு முரண் என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினர். அடுத்த மாதமே, மாணவர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பொருள் ஈட்ட வழி பிறந்தது. 2025 ஜூன் 6ஆம் நாள் ஏற்கப்பட்ட சமரசத் தீர்வு, முன்பு ஆடியவர்களுக்கு ஏறக்குறைய 2.8 பில்லியன் டாலர் கொடுக்கவும், 2025–26ஆம் கல்வியாண்டில் ஒவ்வொரு கல்லூரியும் ஏறத்தாழ 20.5 மில்லியன் டாலர் வரை விளையாட்டாளர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்கவும் வகைசெய்தது.

எதிர்வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெருவருவாய் ஈட்டுபவை பெரும்பாலும் காற்பந்தும் ஆண்கள் கூடைப்பந்துமே. அவ்வருவாயே நீச்சல், படகோட்டம் போன்ற பிற விளையாட்டுகளைத் தாங்குகிறது. ஊதியம் கொடுக்கத் தொடங்கினால் அவை கைவிடப்படலாம். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெண்கள் பெற்ற சமவாய்ப்பும் பாதிக்கப்படலாம். மேற்சொன்ன தீர்வின் பங்கீடு பெண்களுக்கு அநீதி என்று பெண் விளையாட்டாளர்கள் சிலர் உடனடியாக மேல்முறையீடு செய்ததும் உண்மை. இவை எளிதில் தள்ளிவிடக்கூடிய அச்சங்கள் அல்ல.

நான் கற்றுக்கொண்டது

ஆயினும் ஒன்று என் மனத்தை உறுத்துகிறது. இத்தனை பணத்தையும் பகிர்ந்தளித்த 2025ஆம் ஆண்டுத் தீர்வு, விளையாட்டாளர்களைப் பணியாளர் என்று அறிவிக்கவில்லை. அதாவது, டெனிசனின் மனைவி கேட்ட கேள்விக்கு அது விடை கூறவில்லை. அவர் கேட்டது இலாபத்தில் பங்கு அன்று; ஆட்டத்தில் அடிபட்டால் பொறுப்பேற்பது யார் என்பதே. எவ்வளவு கொடுப்பது என்பதைவிட, கொடுப்பது உபகாரமா, கடமையா என்பதே அடிப்படைக் கேள்வி என்று நான் எண்ணுகிறேன். உபகாரத்தை எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம். கடமையை அவ்வாறு நிறுத்த இயலாது. பெருவருவாய் ஈட்டித்தரும் கல்லூரி விளையாட்டாளருக்கு ஊதியம் கொடுப்பது முறையே. அதற்கும் முன்பாக, காயத்துக்குக் காப்பும் மெய்யான கல்வியும் கடமையாக வேண்டும்.

நம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு எவரும் ஊதியம் கேட்கவில்லை. ஆனால், பள்ளியின் பெயரைக் காக்க மாவட்டப் போட்டிக்குச் சென்று, ஒரு வாரப் பாடத்தை இழந்து திரும்பும் பிள்ளைக்கு நாம் பட்ட கடன் ஒன்று உண்டு. அவன் தவறவிட்ட பாடத்தை அமர்ந்து சொல்லிக்கொடுத்தோமா? கால் சுளுக்கியவளைப் போட்டி முடிந்த பின்னரும் நலம் விசாரித்தோமா? வெற்றிக்கிண்ணத்தைக் கண்ணாடி அலமாரியில் வைக்கும்போது இதனையும் எண்ணிப் பார்ப்போம். பெற்றோர்களும் தயங்காமல் கேளுங்கள். அது உபகாரம் கேட்பதாகாது.