மூன்று வாரப் பாராளுமன்றம்

1640ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 13ஆந் திகதி வெஸ்ற்மின்ஸ்ரரிலே ஒரு பாராளுமன்றம் கூடிற்று. மே மாதம் 5ஆந் திகதி அது கலைக்கப்பட்டது. அரசன் கேட்ட பணத்தில் ஒரு காசேனும் அவனுக்குக் கிடைக்கவில்லை. வரலாற்றாசிரியர் இதனைக் குறும் பாராளுமன்றம் என்பர். பாடநூல்கள் பெரும்பாலும் இதற்கு இரண்டு வரிகளை ஒதுக்கிவிட்டு, அதே ஆண்டு நொவெம்பரிற் கூடிய நெடும் பாராளுமன்றத்துக்குத் தாவிவிடுகின்றன. ஆயினும், நேயர்களே, அந்த மூன்று வாரங்களிலும் அவையில் ஒருங்கிருந்தோர் யாவர் என நோக்குவோமாயின், பின்னர் மூண்ட உள்நாட்டுப் போரைத் தவிர்த்திருக்கலாமோ என்ற ஐயம் எழாமற் போகாது.

முதலாம் சாள்ஸ் மன்னன் 1629 முதல் பதினொரு ஆண்டுகள் பாராளுமன்றத்தைக் கூட்டாமலே ஆட்சி நடத்தினான். முன்னாளிற் போர்க்காலத்திலே கடற்கரை ஊர்களிடம் பெறப்பட்ட கப்பற்பணத்தை, அமைதிக் காலத்திலே நாடு முழுவதற்கும் விதித்தான். 1637இல் ஸ்கொத்லாந்து மக்கள்மீது புதிய வழிபாட்டு நூலைத் திணிக்கப்போக, அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். கப்பற்பணத்தைக் கொண்டு படை நடத்த இயலுமா? பாராளுமன்றத்தைக் கூட்டுமாறு ஸ்றபோட் பிரபு ஆலோசனை கூறினான். அயர்லாந்துப் பாராளுமன்றம் மன்னன் விரும்பியவாறு பணம் வழங்கியிருந்தமையால், இங்கிலாந்தும் அவ்வாறே இணங்குமென அவன் நம்பினான்.

தெரிவுகள் நடைபெற்றன. அவை இன்று நாம் அறிந்த தேர்தல்கள் போன்றவையல்ல. மாவட்டங்களிலே ஆண்டுக்கு 40 சிலிங் வருவாய் தரும் நிலமுடையோரே வாக்களித்தனர். நகரங்கள் பலவற்றில் அண்டையிலிருந்த பெருங்குடிப் பிரபுவின் சொல்லே வாக்கு. யோன் பிம் என்பார் ரவிஸ்ரொக் நகருக்குத் தெரிவானதும் பெட்போட் பிரபுவின் ஆதரவினாலேயே. இருந்தும் அவ்வாண்டிலே நாட்டின் மனநிலை தெரிவுகளில் வெளிப்பட்டது. கப்பற்பணமாக 20 சிலிங் செலுத்த மறுத்து வழக்காடிய யோன் ஹம்டனைப் பக்கிங்ஹம்ஷயர் அனுப்பிற்று. 1638இலே பன்னிரு நீதிபதிகளில் எழுவர் அவருக்கு எதிராகவும் ஐவர் சார்பாகவும் தீர்ப்பளித்தனர். வழக்கிலே தோற்றவர் மக்கள் மனத்திலே வென்றுவிட்டார். 1629இன் அவைக் குழப்பத்துக்காகச் சிறையிலிடப்பட்ட வில்லியம் ஸ்ரோட், பதினொரு ஆண்டுகள் கழித்து அந்த ஜனவரியிலேதான் வெளிவந்திருந்தார். அவரும் தெரிவானார். கேம்பிறிட்ஜ் நகரம் ஒலிவர் குரொம்வெல்லை அனுப்பியது. பின்னாளிற் புகழ் பெற்ற அந்தப் பெயர் இந்த மூன்று வாரங்களில் எதனையும் சாதிக்கவில்லை என்பது வேறு விடயம். எட்வேட் ஹைட் என்னும் இளம் வழக்கறிஞரும் முதன்முறையாக அவைக்கு வந்தார்.

மன்னன் சார்பிலே அவர்களை வரவேற்றுப் பேசியவர் யார்? யோன் பிஞ்ச். 1629இலே சபாநாயகராயிருந்து, மன்னன் ஆணைப்படி அவையை ஒத்திவைக்க எழுந்தபோது, அங்கத்தவர்களாற் பிடித்து ஆசனத்திலே அமுக்கி வைக்கப்பட்டவர் இவரே. கப்பற்பண வழக்கில் மன்னனுக்குச் சார்பாகத் தீர்ப்புக் கூறியவர்களுள் ஒருவரும் இவரே. குறைகளைப் பிறகு கேட்போம், முதலிற் பணத்தைத் தாருங்கள் என்று இத்தகைய ஒருவர் வாயால் உரைப்பித்தமை, என் எண்ணத்தில், பெரும் விவேகமின்மையாகும். ஏப்பிரில் 17ஆந் திகதி பிம் எழுந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பேசினார். பாராளுமன்ற உரிமை, சமயம், உடைமை என்ற மூன்று தலைப்புகளில் நாட்டின் குறைகளை வகுத்துக் காட்டினார். குறை தீர்ந்த பின்னரே பணம் என்பது அவையின் நிலையாயிற்று.

மே 4ஆந் திகதி அரச காரியதரிசி சேர் ஹென்றி வேன் மன்னனின் செய்தியைக் கொணர்ந்தார். பன்னிரண்டு மானிய வரிகளை மூன்றாண்டுகளில் வழங்கினால் மன்னன் கப்பற்பணத்தைக் கைவிடுவான். அதன் பெறுமதி ஏறக்குறைய 8,40,000 பவுண். சட்டவிரோதமான வரியை விலை கொடுத்து வாங்கினால் அது சட்டபூர்வமானதென ஒப்புக்கொண்டதாகாதோ என்று பலர் வினவினர். செய்தியை அவ்வண்ணமே ஏற்பதா என வாக்கெடுக்குமாறு ஹம்டன் கேட்டார். ஹைட் இதனை மறுத்தார். கொடுக்க விரும்புவோர் பலர் உளர், ஆயின் இத்தொகையை விரும்பாதோரும் அவருள் உளர். ஆதலின் பணம் வழங்குவதா என்பதனை மட்டும் முதலிலே தீர்மானிப்போம் என்றார். இந்த வழி அவையிற் பலருக்கு உவப்பாயிருந்தது. அவ்வேளையிலே வேன் எழுந்து, கேட்ட அளவிற் குறைந்த எதனையும் மன்னன் ஏற்கமாட்டான் என்று கூறிவிட்டார். ஹைட்டின் யோசனை அத்துடன் அற்றது. மறுநாட் காலை மன்னன் அவையைக் கலைத்தான்.

அன்று ஹைட் பெருங் கவலையோடு வெளியே வந்தார். எதிரே வந்த ஒலிவர் சென்ற் யோனின் முகமோ மலர்ந்திருந்தது. நிலைமை சீர்படுமுன் இன்னும் மோசமாக வேண்டும் என்று அவர் கூறியதாக ஹைட்டே தம் வரலாற்று நூலில் எழுதி வைத்தார்.

அங்கத்தவர் சிலர் சிறைப்பட்டனர். அவருள் ஒருவர் சேர் யோன் ஹோதம். ஓகஸ்ற் மாதம் நியூபேணிலே ஸ்கொத்லாந்துப் படை மன்னன் படையை முறியடித்தது. நொவெம்பரிலே பிம், ஹம்டன், ஸ்ரோட், குரொம்வெல், ஹைட், ஹோதம் யாவரும் மீண்டும் தெரிவாகி வந்தனர். இரண்டாண்டுகளில் ஹைட் மன்னன் பக்கம் சேர்ந்தார். ஹம்டன் 1643இலே போர்க்களத்திற் காயமுற்று இறந்தார். ஹோதமோ 1642இலே ஹல் நகரின் வாயிலை மன்னனுக்கு அடைத்தவர். பின்னர் மன்னன் பக்கம் சாய முயன்றார் என்ற குற்றத்துக்காக 1645 ஜனவரியிலே பாராளுமன்றமே அவரைச் சிரச்சேதம் செய்வித்தது.