மணியும் நூலும்

பண்டைத் தமிழ் மகளிர் இடையில் அணிந்த மணிக்கோவைகள் அவர்தம் உடையின் ஒரு கூறாகவே விளங்கின. கோவைகளின் தொகைக்கேற்ப அவற்றின் பெயரும் வேறுபட்டது. 7 கோவை உடையது மேகலை, 8 உடையது காஞ்சி, 16 கலாபம், 18 பருமம், 32 விரிசிகை எனப் பழைய உரைமரபு வகுத்துரைக்கும். சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி பூந்துகிலோடு 32 வட முத்தணி பூண்டமை கூறப்படுகின்றது.

இத்தகைய அணிகட்கு வேண்டிய முத்து மன்னார்க் கடலிற் பெருகக் கிடைத்தது. பூவரசங்குளத்தினூடாக மேற்கே செல்லும் வீதி மன்னாரை நோக்கியது. அங்கே திருக்கேதீச்சரத்தைச் சூழ்ந்து கிடக்கும் மாந்தை, பழந்துறைமுகமாகும். 1980 முதல் 1984 வரை நடைபெற்ற அகழாய்வில் கண்ணாடி மணிகள் பல அவ்விடத்து வெளிப்பட்டன.

அவ்வகைச் சிறு மணிகளை ஆக்கும் பழைய முறை ஆந்திரத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் அண்மைக்காலம் வரை நிலைபெற்றிருந்தது. உலையில் உருகிய கண்ணாடியை இரும்புக் கருவியிற் கூம்பாகத் திரட்டி, நடுவே துளை அமையுமாறு நீண்ட மெல்லிய குழலாக இழுப்பர். பின்னர் அதனை நறுக்கிச் சாம்பலிலிட்டு மீண்டும் சூடேற்ற, கூரிய விளிம்புகள் மழுங்கி மணி உருப்பெறும்.

மணி மண்ணில் நிலைக்கும், நூலோ மக்கிவிடும். ஆதலின் மாந்தை மணிகளைக் கோத்த கைகளின் வினைத்திறன் நமக்கு எட்டவில்லை.

வட அமெரிக்கச் செனக்கா மக்களின் வரலாறு இவ்விடத்து நோக்கத்தக்கது. ஐரோப்பியர் கொணர்ந்த கண்ணாடி மணிகளைக் கம்பளித் துணியில் தைத்து, அம்மக்கள் தமக்கேயுரிய கோலங்களை ஆக்கினர். கரோலின் பார்க்கர் என்னும் செனக்கா மங்கை தைத்த ஆடைகளை, 1849-50ஆம் ஆண்டுகளில் லூயிஸ் ஹென்றி மோர்கன் நியூயோர்க் மாநிலத்திற்காகத் திரட்டி, அவற்றைப் படங்களோடு விவரித்தெழுதினார். 1911இல் நேர்ந்த தீயில் அத்தொகுதியின் பெரும்பகுதி அழிந்தது. எனினும் எழுத்தும் படமும் எஞ்சின. தைக்கவல்ல கைகளும் இருந்தன. 1935 முதல் 1941 வரை, செனக்கா மரபினரான ஆதர் பார்க்கர் வழிகாட்ட, அக்கைவினைஞர் பழம்பொருள்களை மீண்டும் ஆக்கினர்.

மாந்தை அகழாய்வோ 1984இல் போரினால் தடைப்பட்டது. அதன் முழு அறிக்கை 2013இலேயே நூலாக வெளிவந்தது. தீயுண்ட ஆடையையும் எழுத்து மீட்டுத் தந்தது. எழுதப்படாத கைவினையோ, அதனை அறிந்த இறுதிக் கையோடு மறைந்துபோம். ஆதலின் இன்று நம்மிடையே வாழும் கைவினைஞரின் தொழில்முறையை அவர் வாழ்நாளிலேயே எழுதி வைத்தல் வரலாறு பயில்வோரின் முதற்கடனாகும்.