டிராக்டருக்குச் சுழி பார்ப்பது எப்படி?

மாட்டுச் சந்தைக்குப் போகிற விவசாயி லேசில் ஏமாற மாட்டார். பல்லைப் பிடித்துப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதெல்லாம் அதற்கப்புறம்தான்! டிராக்டருக்குப் பல்லும் கிடையாது, சுழியும் கிடையாது. அதனால் 'எத்தனை ஹெச்.பி?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பெயின்ட்டின் பளபளப்பில் மயங்கிப் பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறோம்.

அமெரிக்காவில் இதற்கு வாய்ப்பு அதிகம். அங்கே நகரத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி, ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று இடம் வாங்கி வீடு கட்டிக்கொண்டு, ஆபீஸ் வேலைக்குப் போய்வருகிற மனிதர்கள் லட்சக்கணக்கில் உண்டு. விவசாயம் கிடையாது. வீடு, நாலு மரம், சிலரிடம் ஒன்றிரண்டு குதிரை... மிச்சமெல்லாம் புல்! வசந்த காலத்தில் மழை பெய்தால் சில வாரங்களில் முழங்கால் உயரம் வந்துவிடும். வெட்டாமல் விட்டால் பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பார். சில ஊர்களில் நகராட்சியே நோட்டீஸ் அனுப்பிவிடும். கையால் தள்ளுகிற மெஷினை வைத்துப் பத்து ஏக்கரை வெட்டக் கிளம்பினால், கடைசி மூலைக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் மூலையில் மறுபடி வளர்ந்திருக்கும். பெரிய வயல் டிராக்டரை இறக்கினாலோ, புல்தரை சேறாகிவிடும். இரண்டுக்கும் நடுவில், சுமார் 20-லிருந்து 40 ஹெச்.பி-க்குள் இருக்கிற குட்டி டிராக்டர்தான் இவர்களுக்குச் சரி. 'காம்பாக்ட் டிராக்டர்' என்கிறார்கள்.

எதைப் பார்த்து வாங்குவது? கடைக்காரரைக் கேட்பதைவிட, சரித்திரத்தைக் கேட்பது நல்லது. அந்தக் குட்டி வண்டியில் இருக்கிற முக்கியமான சமாச்சாரம் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் பட்ட அவஸ்தை இருக்கிறது. பலருக்கு உயிரே போயிருக்கிறது!

1917-ல் ஆரம்பிப்போம். கார் ராஜா ஹென்றி ஃபோர்டு 'ஃபோர்ட்ஸன்' என்ற டிராக்டரைத் தயாரிக்க ஆரம்பித்த வருஷம் அது. ஃபோர்டு ஒரு விவசாயியின் மகன். பண்ணை வேலையின் இடுப்பொடிகிற கஷ்டம் அவருக்குச் சின்ன வயதிலேயே அத்துப்படி. காரை ஏழைக்கும் எட்டுகிற விலைக்குக் கொண்டு வந்த மாதிரி டிராக்டரையும் கொண்டு வந்தார். 1922-ல் அதன் விலை 395 டாலர்தான்! விற்றுத் தள்ளியது.

ஆனால், ஃபோர்ட்ஸனுக்கு ஒரு கெட்ட சுழி இருந்தது. பின்னால் கட்டிய கலப்பை பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கலப்பை நகராது. பின் சக்கரமும் நகராது. என்ஜின் மட்டும் விடாமல் முறுக்கும். அந்த முறுக்கு எங்கே போகும்? சக்கரம் சுற்றாவிட்டால் டிராக்டரே சுற்றும்! முன்பக்கம் குதிரை மாதிரி அப்படியே தூக்கி, மல்லாக்க விழும். ஓட்டுகிறவர் அடியில். ஆரம்பித்து முடிய ஒன்றரை விநாடி போதும். கத்துவதற்குக்கூட நேரமில்லை. இப்படிச் செத்தவர்கள் நிறைய.

இந்த விஷயத்தை மண்டைக்குள் போட்டுக் குடைந்துகொண்டிருந்தார் ஒருவர். பெயர் ஹாரி ஃபெர்குஸன். வட அயர்லாந்துக்காரர். கொஞ்சம் கிறுக்கு, நிறைய மூளை! 1909 டிசம்பர் 31-ம் தேதி, தானே உருவாக்கிய விமானத்தில் ஏறிப் பறந்து, அயர்லாந்தில் முதன்முதலில் பறந்தவர் என்று பெயர் வாங்கியவர். முதல் உலகப் போரின்போது உணவுப் பஞ்சம் வந்துவிடுமோ என்று பயந்த அரசாங்கம், 'ஊர் ஊராகப் போய் டிராக்டர்களை ஒழுங்காக வேலை செய்ய வையுங்கள்' என்று இவரை அனுப்பியது. போய்ப் பார்த்த ஃபெர்குஸனுக்கு ஒன்று புரிந்தது. கோளாறு டிராக்டரிலும் இல்லை, கலப்பையிலும் இல்லை. இரண்டையும் கட்டுகிற விதத்தில் இருக்கிறது!

மாட்டுக்குப் பின்னால் கட்டுகிற மாதிரியே டிராக்டருக்குப் பின்னாலும் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபெர்குஸன் அதை மாற்றினார். கீழே இரண்டு தண்டு, மேலே ஒன்று. மூன்று புள்ளிகளில் கலப்பை டிராக்டரோடு ஓர் உடம்பாகச் சேர்ந்துவிடும். கலப்பை எதிலாவது மாட்டினால், மேல் தண்டு டிராக்டரை முன்னோக்கி அழுத்தும். அதாவது, எந்த விசை முன் சக்கரத்தைத் தூக்கியதோ, அதே விசை இப்போது அதைத் தரையோடு அமுக்கும்! நம்ம ஊர் விவசாயிகள் 'திரீ பாயின்ட் லிங்கேஜ்' என்று சர்வசாதாரணமாகச் சொல்கிற சமாச்சாரம் இதுதான். பாரம் கூட்டாமலேயே டிராக்டருக்குப் பிடிமானம் வந்துவிட்டதால், வண்டியைச் சின்னதாகவும் செய்ய முடிந்தது. இன்றைய குட்டி டிராக்டர்களுக்கெல்லாம் பாட்டன் இந்த மூன்று தண்டுதான்!

1938-ல் ஃபெர்குஸன் அமெரிக்கா போய், ஃபோர்டின் பண்ணையிலேயே தன் டிராக்டரை ஓட்டிக் காட்டினார். பெரியவர் அசந்துவிட்டார். வக்கீல் இல்லை, பத்திரம் இல்லை. இரண்டு பேரும் கை குலுக்கினார்கள். அதுதான் ஒப்பந்தம்! 1939-ல் 'ஃபோர்டு 9என்' வந்தது. விலை 585 டாலர்.

பெரியவர் இருக்கும்வரை எல்லாம் ஜோராகத்தான் போனது. பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு பொறுப்புக்கு வந்து கணக்குப் பார்த்தார். டிராக்டரில் கம்பெனிக்கு நஷ்டம். 'தாத்தா கொடுத்த கை, தாத்தாவோடு போச்சு' என்கிற ரீதியில் ஃபெர்குஸனைக் கழற்றிவிட்டு, 1947-ல் '8என்' என்ற புது மாடலைக் கொண்டு வந்தார். பின்னால் அதே மூன்று தண்டு! ஃபெர்குஸன் விடுவாரா? 251 மில்லியன் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 1952-ல் 9.25 மில்லியனுக்கு சமரசம் ஆனது. அந்தக் காப்புரிமைகளும் காலாவதியாக, மற்ற கம்பெனிகளும் மூன்று தண்டு முறைக்கு மாறின. இன்றைக்கு எந்தக் கம்பெனியின் புல்வெட்டியையும் எந்தக் கம்பெனியின் குட்டி டிராக்டரிலும் பெரும்பாலும் மாட்ட முடிகிறது என்றால், அது இந்தச் சண்டையின் மிச்சம்.

(ஃபெர்குஸன் தன் பங்குக்கு இங்கிலாந்தின் கவன்ட்ரியில் தயாரித்த சாம்பல் நிறக் குட்டி டிராக்டர், 5 லட்சத்துக்கு மேல் விற்றது. அவர் கம்பெனி 1953-ல் 'மாஸ்ஸி ஹாரிஸ்' கம்பெனியோடு இணைந்தது. பிறகு அது 'மாஸ்ஸி ஃபெர்குஸன்' ஆனது. 1960-ல் சென்னையில் பிறந்த 'டாஃபே' அந்தப் பெயரில் டிராக்டர் செய்ய ஆரம்பித்தது. நம்ம கிராமங்களில் 'மேஸி' என்று செல்லமாகக் கூப்பிடுகிறோமே... அந்த அயர்லாந்துக்காரரின் வாரிசுதான்!)

சரி, கலப்பைப் பிரச்னை தீர்ந்தது. புல் வெட்டப் போனபோது அடுத்த பேஜார் ஆரம்பித்தது.

டிராக்டருக்குப் பின்னால் சுற்றுகிற ஷாஃப்ட்டுக்குப் பெயர் பி.டி.ஓ. என்ஜினின் பலத்தைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொடுப்பது இதுதான். 9என், 8என் டிராக்டர்களில் பி.டி.ஓ-வும் சக்கரமும் ஒரே கிளட்ச்சை நம்பி இருந்தன. பின்னால் கனமான பிளேடு சுற்றுகிற புல்வெட்டியை மாட்டி ஓட்டுகிறீர்கள். எதிரே வேலி. கிளட்ச்சை மிதிக்கிறீர்கள். என்ஜின் விலகிவிட்டது. ஆனால், சுற்றிய வேகத்தில் பிளேடு நிற்காமல், ஷாஃப்ட் வழியாக கியருக்குள் பலத்தைத் திருப்பி அனுப்பி, டிராக்டரை முன்னால் தள்ளும்! நாய் வாலை ஆட்டும்; இங்கே வால் நாயை ஆட்டுகிறது! வேலியில் போய் முட்டினால் அதிர்ஷ்டசாலி. எதிரே குளமோ குழந்தையோ இருந்தால்?

இதற்குக் கை அகலத்தில் ஒரு மருந்து வந்தது. 'ஓவர் ரன்னிங் கிளட்ச்' என்று பெயர். பலத்தைப் பின்பக்கம் போக விடும். திரும்பி வர விடாது. கனடாவில் 'காக்‌ஷட்' கம்பெனி 1946-ல் கொண்டு வந்த '30' என்ற மாடலில், சக்கரம் நின்றாலும் பி.டி.ஓ. தனியாகச் சுற்றுகிற ஏற்பாடு இருந்தது. அடர்ந்த புல்லை வெட்ட இது ரொம்ப முக்கியம். வண்டியை நிறுத்தி, பிளேடு மென்று முடிக்கும்வரை காத்திருக்கலாம். ஆக, புல் வெட்ட டிராக்டர் வாங்குகிறவர் கேட்கவேண்டிய கேள்வி, 'என்ஜின் எத்தனை ஹெச்.பி?' என்பது அல்ல. 'பி.டி.ஓ-வில் எத்தனை ஹெச்.பி. வருகிறது? அது தனியாக ஓடுமா?' என்பதுதான். புதர் வெட்டுகிற கனரகப் புல்வெட்டிக்கு ஓர் அடி அகலத்துக்கு சுமார் 5 ஹெச்.பி. வேண்டும் என்பது விவரமறிந்தவர்களின் கணக்கு. ஐந்தடிப் புல்வெட்டி என்றால், பி.டி.ஓ-வில் 25 வேண்டும்.

அடுத்தது உயரமும் எடையும். வயல் டிராக்டர் உயரமாக இருப்பது, பயிருக்கு மேலே ஒடியாமல் போவதற்காக. புல்தரையில் காப்பாற்றுவதற்குப் பயிர் எங்கே இருக்கிறது? சரிவில் உயரமான வண்டி கவிழத்தான் செய்யும். 'இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர்' கம்பெனி 1947-ல் சின்ன விவசாயிகளுக்காகக் 'கப்' என்ற குட்டி டிராக்டரை விட்டது. 1955-ல் அதையே தாழ்த்தி, 'லோ-பாய்' என்று புல்வெட்டுகிறவர்களுக்காகத் தனியாகக் கொண்டு வந்தது. அகலமும் தாழ்வும்தான் சரிவில் தெய்வம்!

ஆனால், உண்மையான குட்டி டிராக்டர் புரட்சி அமெரிக்காவிலிருந்து வரவில்லை. கிழக்கிலிருந்து வந்தது. ஜப்பானில் நெல் வயல்கள் ரொம்பச் சின்னவை. சேறு. கனமான வண்டி இறங்கினால் புதைந்துவிடும். ஆகவே, எடை குறைந்த, டீசலில் ஓடுகிற, சின்னஞ்சிறு டிராக்டர்களை ஜப்பானியர்கள் செய்துகொண்டிருந்தார்கள். ஒசாகாவில் 1890-ல் இரும்பு வார்ப்புப் பட்டறையாக ஆரம்பித்த 'குபோட்டா' கம்பெனி, 1969-ல் 'எல்200' என்ற 21 ஹெச்.பி. டிராக்டரை அமெரிக்காவில் இறக்கியது. அப்போது அமெரிக்கக் கம்பெனிகள், விவசாயிகளுக்காகப் பெரிதிலும் பெரிதாக டிராக்டர் செய்கிற போட்டியில் இருந்தன. ஐந்து ஏக்கர் ஆசாமியை யாரும் சட்டை செய்யவில்லை. குபோட்டா அவரைப் பிடித்துக்கொண்டது! சேற்றில் புதையாத வண்டி, புல்தரையையும் கெடுக்கவில்லை. 1970-களில் ஃபோர்டும் ஜான் டீயரும் விழித்துக்கொண்டு, தங்கள் பெயர் போட்ட குட்டி டிராக்டர்களை ஜப்பானிலேயே செய்து வாங்க வேண்டி வந்தது. ஃபோர்டுக்கு ஷிபௌரா, ஜான் டீயருக்கு யான்மார்.

அந்த வெற்றியின் நிழலில் ஒரு வில்லங்கமும் முளைத்தது. ஜப்பானில் ஓடித் தேய்ந்த பழைய டிராக்டர்களைச் சிலர் வாங்கி, பெயின்ட் அடித்து, அமெரிக்காவில் மலிவாக விற்றார்கள். அதே குபோட்டா பெயர்! ஆனால், அவை ஜப்பானிய வயலுக்காக, ஜப்பானிய விதிப்படி செய்யப்பட்டவை. எச்சரிக்கை வாசகங்கள் எல்லாம் ஜப்பானிய மொழியில். 'இங்கே கை வைத்தால் கை போய்விடும்' என்று எழுதியிருந்தாலும் டெக்ஸாஸ்காரருக்கு எப்படிப் புரியும்? ஸ்பேர் பார்ட்ஸ் கேட்டுப் போனால், உள்ளூர் டீலர் உதட்டைப் பிதுக்கினார். வழக்கு நடந்தது. 1997-ல் சர்வதேச வர்த்தக கமிஷன் அந்த இறக்குமதிக்குத் தடை போட்டது. 1999-ல் அப்பீல் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. பெயர் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்றாகிவிடாது! அரை மணி தூரத்தில் சர்வீஸ் இல்லாத டிராக்டர், எத்தனை மலிவாக வந்தாலும் நஷ்டம்தான்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு வளைந்த கம்பி.

மூன்று தண்டு வந்த பிறகும் டிராக்டர் கவிழ்வது நின்றுவிடவில்லை. சரிவில் பக்கவாட்டில் உருளும். மரத்தின் அடிக்கட்டையைப் பிடுங்கப் போகிறவர், சங்கிலியைக் கீழ்க் கொக்கியில் கட்டாமல் உயரமாகக் கட்டி இழுத்தால், அன்றைக்கு ஃபோர்ட்ஸன் செய்ததை இன்றைய வண்டியும் செய்யும். ஸ்வீடன்காரர்கள் யோசித்தார்கள். கவிழ்வதைத் தடுக்க முடியாவிட்டால், கவிழ்ந்தாலும் ஆள் சாகாமல் பார்த்துக்கொள்ளலாமே? 1959-ல், புது டிராக்டர்களில் ஓட்டுநரைக் காக்கும் உறுதியான கூண்டு கட்டாயம் என்று சட்டம் போட்டார்கள். அமெரிக்காவில், 20 ஹெச்.பி-க்கு மேற்பட்ட புது டிராக்டர்களில் இந்தக் கம்பியைப் போடுவது என்று தயாரிப்பாளர்கள் 1985-லிருந்துதான் ஒத்துக்கொண்டார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கம்பி இருந்தால் சீட் பெல்ட்டைக் கட்டாயம் போட வேண்டும். போடாவிட்டால், தூக்கி எறியப்பட்டு அந்தக் கம்பிக்கு அடியிலேயே சிக்கலாம். கம்பி இல்லாத வண்டியில் பெல்ட் போடவே கூடாது. குதித்துத் தப்பிக்கிற அந்த ஒரு வாய்ப்பும் போய்விடும். மரக்கிளைக்கு அடியில் நுழைவதற்காகக் கம்பியை மடக்கிவிட்டு, மறுபடி நிமிர்த்த மறந்துபோகிறவர்களும் நிறைய உண்டு. அவர்கள் கம்பி இல்லாத வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

இப்போதெல்லாம் அமெரிக்கக் கடைகளில் 24-க்கு மேலே, 25-ஐத் தொடாத ஹெச்.பி-யில் நிறையக் குட்டி டிராக்டர்களைப் பார்க்கலாம். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சுமார் 25 ஹெச்.பி-க்கு மேற்பட்ட டீசல் என்ஜின்களுக்குப் புகை விதிகள் 2013-லிருந்து கடுமையாகிவிட்டன. பல வண்டிகளில் கரியை வடிகட்டி எரிக்கிற கருவி சேர்ந்தது. விலையும் ஏறியது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டால் அந்தத் தொல்லை இல்லை!

அந்தப் பழைய 8என் இப்போதும் அமெரிக்காவில் விற்பனைக்கு வருகிறது. 70 வயது தாண்டியும் ஓடுகிறது. விலை சல்லிசு. பார்க்கவும் அழகு. கம்பி கிடையாது, பெல்ட் கிடையாது. பி.டி.ஓ. தனியாக ஓடாது. ஓவர் ரன்னிங் கிளட்ச்சைப் பழைய சொந்தக்காரர் மாட்டியிருந்தால் உண்டு. 'புல் வெட்டத்தானே...' என்று வாங்கிப் போகிறார்கள். பத்திரமான கம்பியைத் தனியாக வாங்கிப் பொருத்தினால், நல்ல கிழவன்தான். அந்தக் காசை மிச்சம் பிடிக்க நினைத்தால்... சந்தையில் சுழி பார்க்காமல் மாடு வாங்கியவருக்கு ஒரு மாடுதான் நஷ்டம். இங்கே அப்படி இல்லை.