கூடி எழுதும் ஏடு



ஜப்பான் நாட்டு வரலாற்றில் ஷிமாபரா கிளர்ச்சி என்று ஒன்று உண்டு. 1637-ஆம் ஆண்டின் இறுதியில் கியூஷூத் தீவின் உழவர்கள், கொடிய வரிச்சுமையையும், கிறித்தவ சமயத்தைத் தழுவியோர்மீது நடந்த அடக்குமுறையையும் பொறுக்கமாட்டாமல் ஆட்சியாளரை எதிர்த்து எழுந்தார்கள். அடுத்த ஆண்டிலேயே அக்கிளர்ச்சி ஈவிரக்கமின்றி ஒடுக்கப்பட்டது. ஏறத்தாழ 370 ஆண்டுகள் கழிந்த பின்னர், இந்தப் பழைய நிகழ்ச்சி அமெரிக்க நாட்டின் வெர்மாண்ட் மாநிலத்து மிடில்பரிக் கல்லூரியில் ஒரு புதிய கலகத்தை மூட்டிற்று என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

நடந்தது இதுதான். அக்கல்லூரியில் ஜப்பானிய வரலாறு கற்பித்த பேராசிரியர் ஒருவர் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். சுமார் ஆறு மாணவர்கள் ஒரே பிழையைச் செய்திருக்கக் கண்டார். கிளர்ச்சிக்கு இயேசு சபைத் துறவியர் துணைநின்றனர் என்பது அப்பிழை. அத்துறவியரோ பல ஆண்டுகளுக்கு முன்பே நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர்கள். எஞ்சிய ஒருசிலர் தலைமறைவாய் உயிர் பிழைத்திருந்த காலம் அது. பிழையின் ஊற்றுக்கண் எங்கே என்று தேடியபோது, இணையத்தில் எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்று திறந்து வைக்கப்பட்டிருக்கும் விக்கிப்பீடியாவில் அது அகப்பட்டது. 2007-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அக்கல்லூரியின் வரலாற்றுத் துறை ஒரு முடிவுக்கு வந்தது: மாணவர் தம் கட்டுரைகளில் விக்கிப்பீடியாவைச் சான்றாகக் காட்டுதல் ஆகாது.

அம்முடிவு நேரியதே என்பது என் கருத்து. கலைக்களஞ்சியம் எதுவாயினும், அச்சிட்ட பெருந்தொகுதியே ஆயினும், அது ஆராய்ச்சிக்கு வாயிலாகலாமேயன்றி முடிந்த சான்று ஆகாது. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அப்பிழை இருந்த பக்கத்திலேயே, அதைத் திருத்துவதற்குரிய பொத்தானும் இருந்தது. படிப்பவரே திருத்துபவராகவும் இருப்பர் என்று கருதி அமைக்கப்பட்ட ஏட்டை, அம்மாணவர்கள் படிப்பவராக மட்டுமே நின்று பயன்படுத்தினார்கள். இந்த ஏட்டை வகுப்பறையில் வேறு எவ்வாறு கையாளலாம்? அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விழைகிறேன்.

விக்கி என்னும் சொல் ஹவாய்த் தீவுகளின் மொழியைச் சேர்ந்தது. விரைவு என்று பொருள்படும். வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் ஹொனலூலு விமான நிலையத்தில் இறங்கியபோது, ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல 'விக்கி விக்கி' என்னும் பேருந்தில் ஏறுமாறு அங்கிருந்தவர் கூறினாராம். அந்தப் பெயர் அவர் நினைவில் தங்கிவிட்டது. 1995-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள், நிரல் எழுதுவோர் தம் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்வதற்காக அவர் தொடங்கிய இணையத்தளத்திற்கு அப்பெயரையே சூட்டினார். அவருக்கு வேண்டியிருந்தது எளிய ஒன்று. ஒருவர் ஒரு பக்கம் எழுதுவார். மற்றொருவர் அதில் குறை கண்டால் கடிதம் எழுதிக் காத்திராமல் அங்கேயே திருத்துவார். இல்லாத ஒரு பக்கத்திற்கு முன்கூட்டியே ஓர் இணைப்பு இட்டுவைத்தால், அதைப் பற்றி அறிந்த வேறொருவர் வந்து நிரப்புவார்.

இது குழப்பத்திற்கே வழி என்று எவருக்கும் தோன்றும். ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் என்னும் இருவருக்கும் முதலில் அவ்வாறே தோன்றியிருக்கவேண்டும். ஏனெனில் 2000-ஆம் ஆண்டில் அவர்கள் தொடங்கிய நியூப்பீடியா என்னும் கலைக்களஞ்சியத்தில், அறிஞர் எழுதிய ஒவ்வொரு கட்டுரையும் ஏழு படிகளைக் கடந்த பின்னரே வெளியாகும். ஏழு படிகளின் பயனாக, ஓராண்டு முயன்றும் வெளிவந்த கட்டுரைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்! 2001 ஜனவரி 15-ஆம் நாள், அதற்குத் துணையாக, விக்கி முறையில் ஒரு பக்கவழியைத் திறந்தார்கள். அதுவே விக்கிப்பீடியா. அவ்வாண்டு முடிவதற்குள் அதில் சுமார் 20,000 கட்டுரைகள் சேர்ந்துவிட்டன. நியூப்பீடியா 2003-இல் மூடப்பட்டது.

நம் தமிழில் பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தை நீங்கள் நூலகத்தில் கண்டிருப்பீர்கள். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த அரும்பெரும் பணி அது. அச்சேறிய நூலில் பிழை ஒன்று நுழைந்துவிட்டால், அடுத்த பதிப்பு வரும்வரை அது அங்கேயே இருக்கும். விக்கியில் பிழை எளிதாக நுழைகிறது. எளிதாக வெளியேயும் செல்கிறது. அதனினும் வகுப்பறைக்கு உதவுவது மற்றொரு பண்பு. ஒவ்வொரு பக்கத்திற்கும் பின்னால் 'வரலாறு' என்று ஒரு பகுதி உண்டு. யார், எந்த நாளில், எந்தச் சொல்லை எடுத்துவிட்டு எந்தச் சொல்லை இட்டார் என்பது அனைத்தும் அதில் பதிவாகின்றன. 'உரையாடல்' என்ற மற்றொரு பகுதியில், இந்தத் திருத்தம் தகுமா தகாதா என்று எழுதுவோர் வாதாடுகின்றனர். நாம் பள்ளியில் எழுதும் கட்டுரையில் இவ்விரண்டும் இல்லை. நான் மாணவனாக இருந்தபோது எழுதிய கட்டுரைகளுக்கெல்லாம் ஒரே ஒரு வாசகர்தாம். அவரும் சிவப்பு மையால் ஓர் எண்ணை இட்டுத் திருப்பித் தந்துவிடுவார். அதன்பின் அத்தாள்கள் சென்ற இடம் பழைய காகிதக் கடை!

இந்தக் குறையை உணர்ந்த ஆசிரியர் ஒருவர் கணினி தோன்றுவதற்கு முன்னரே வாழ்ந்தார். அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். செலஸ்தேன் ஃபிரெனே என்ற அந்தப் பிரெஞ்சுக்காரர் முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டடி பட்டவர். நெடுநேரம் உரக்கப் பேச அவரால் இயலாது. பேச முடியாத ஆசிரியர் என்ன செய்வார்? தென்கிழக்குப் பிரான்ஸின் மலைச்சரிவிலுள்ள பார்-சூர்-லூ என்னும் சிற்றூரில், தம் பிள்ளைகளை வெளியே உலவ அழைத்துச் செல்வார். திரும்பி வந்ததும், கண்டதையும் கேட்டதையும் அவர்கள் எழுதுவார்கள். பிள்ளைகள் நத்தைகளைப் பந்தயம் விட்டு மகிழ்ந்ததும் ஒரு பாடமாயிற்று. 1924-இல் அவர் ஒரு சிறிய அச்சுப்பொறியை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். எழுதியவற்றுள் ஒன்றை வகுப்பே தேர்ந்தெடுக்கும். அதைக் கரும்பலகையில் இட்டு, எல்லாருமாகச் சொல்லுக்குச் சொல் ஆராய்ந்து திருத்துவர். பின்னர்ப் பிள்ளைகளே ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிடுவர்.

அச்சிட்ட தாள்கள், பிரான்ஸின் மறுகோடியில், அட்லாண்டிக் கடலோரத்துப் பிரெத்தாஞ் பகுதியிலிருந்த ஒரு பள்ளிக்கு அஞ்சலில் சென்றன. அங்கிருந்து மறுமொழித் தாள்கள் வந்தன. மலைநாட்டுப் பிள்ளை கடலைப் பற்றி வாசித்தான். மீனவர் பிள்ளை ஆலிவ் மரத்தைப் பற்றி வாசித்தான். புரியாதது ஒன்று இருந்தால் மறு அஞ்சலில் கேள்வி வரும். எழுத்துப் பிழை இருந்தால் ஆசிரியர் கடிந்துகொள்வார் என்ற அச்சம் போய், அங்குள்ளவனுக்கு விளங்காதே என்ற கவலை வந்தது. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை நான் பெரிதாகக் கருதுகிறேன். 1932 முதல் ஃபிரெனேயும் அவருடைய தோழர்களான ஆசிரியர்களும், பள்ளிப் பிள்ளைகள் தாமே தேடிப் படிப்பதற்கான சிறுநூல் வரிசை ஒன்றையும் வெளியிட்டனர். அவருக்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. செயின்ட் பால் என்ற ஊரில் அவர் பணியாற்றியபோது எழுந்த பெரும் பூசலின் விளைவாக அரசுப் பள்ளியைவிட்டு விலகி, 1935-இல் வான்ஸ் என்னும் ஊரில் தனிப்பள்ளி தொடங்கினார்.

கன்னிங்காமின் கருவியை ஃபிரெனேயின் அச்சுக்கூடம்போல் கல்லூரிக்குள் கொண்டுவந்தவர்களுள் முற்பட்டவர், அட்லாண்டா நகரில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மார்க் கஸ்டியல். 1990-களின் பிற்பகுதியில் அவரும் அவர் குழுவினரும் விக்கியை வகுப்பறைக்கேற்ப அமைத்து, கோவெப் என்று பெயரிட்டனர். ஒவ்வொரு துறை ஆசிரியரும் அதைத் தமக்கு வேண்டியவாறு வளைத்துக்கொண்டார். இலக்கிய வகுப்பில் ஒரு செய்யுளை நடுவே இட்டு, ஒவ்வொரு தொடரிலிருந்தும் மாணவர் தம் விளக்கத்திற்கு இணைப்புக் கொடுத்தனர். கட்டடக்கலை வகுப்பில் மாணவர் தம் வரைபடங்களைப் பக்கங்களில் வைக்க, வெளியிலுள்ள வல்லுநர்கள் கருத்துரைத்தனர்.

ஆனால் கணித வகுப்பிலும் பொறியியல் வகுப்பிலும் அது வெற்றி பெறவில்லை! மாணவர் பலர் எழுதவே மறுத்துவிட்டனர். அதற்குரிய மதிப்பெண்ணை இழக்கவும் துணிந்தனர். இதற்குக் காரணம் என்ன? கஸ்டியல் குழுவினர் இதனையும் மறைக்காமல் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். வகுப்பிலுள்ள பிறரோடு ஒப்பிட்டு மதிப்பெண் இடும் வழக்கம் அங்கே இருந்தது. அருகிலிருப்பவனுக்கு உதவினால் தனக்கே கேடு என்று மாணவன் கருதினான். வினாவிற்கு விடை ஒன்றே என்னும்போது விவாதிப்பதற்கு என்ன இருக்கிறது என்றும் சிலர் எண்ணினர். தன் அறியாமை பிறருக்குத் தெரிந்துவிடுமே என்ற கூச்சம் வேறு. கருவி ஒன்றுதான், ஒரு வகுப்பில் பேசிற்று, மற்றொன்றில் ஊமையாயிற்று. புதிய கருவி வந்தவுடன் கல்வி மலர்ந்துவிடும் என்று மேடையில் முழங்குவோரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வே நினைவுக்கு வருகிறது.

மிடில்பரிக் கல்லூரி தடைவிதித்து ஓராண்டு கழிந்தது. 2008 ஜனவரியில் கனடாவின் வான்கூவர் நகரில், பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில், ஜான் பீஸ்லி-மரே என்னும் ஆசிரியர் லத்தீன் அமெரிக்க இலக்கியம் கற்பித்தார். 'கொலை, பித்து, பெருங்குழப்பம்' என்பது அவர் அப்பாடத்திற்கு இட்ட பெயர். கொடுங்கோலர்களைப் பற்றிய நாவல்கள் அதில் இடம்பெற்றன. அந்நூல்களைப் பற்றியும் ஆசிரியர்களைப் பற்றியும் விக்கிப்பீடியாவில் இருந்தவை மிகவும் குறைபாடுடையவை. அவர் மாணவர்களிடம் கூறியது இது: குழுவாகச் சேர்ந்து இப்பக்கங்களை எழுதுங்கள், விக்கிப்பீடியாவின் மதிப்பீட்டாளர் உங்கள் பக்கத்தை 'நல்ல கட்டுரை' என்று ஏற்றால் உங்களுக்கு உயர்ந்த மதிப்பெண், 'சிறப்புக் கட்டுரை' என்று ஏற்றால் அதனினும் உயர்ந்த மதிப்பெண்.

மதிப்பெண்ணின் திறவுகோல், முன்பின் அறியாத அயலாரின் கைக்குச் சென்றுவிட்டது! அவர்களுக்கு இந்த மாணவர்மீது தயவும் இல்லை, பகையும் இல்லை. 'இந்த வாக்கியத்திற்குச் சான்று எங்கே?' என்று உரையாடல் பக்கத்தில் கேட்டார்கள். மாணவர் நூலகத்திற்கு ஓடினர். விக்கிப்பீடியாவில் நெடுநாள் பழகிய தொகுப்பாளர் சிலர் தாமாகவே உதவிக்கு வந்து வழிகாட்டினர். பருவக் கட்டுரையை இரவோடிரவாக எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துபோகும் வழக்கமுள்ள மாணவர், ஒரே பக்கத்தை மீண்டும் மீண்டும் திருத்தினார்கள். குவாத்தமாலா நாட்டு எழுத்தாளர் மிகுவேல் ஆங்கேல் அஸ்தூரியாஸ் எழுதி 1946-இல் வெளிவந்த 'எல் செனியோர் பிரெசிதெந்தே' என்ற நாவலைப் பற்றிய பக்கம் முதலில் சிறப்புக் கட்டுரை ஆயிற்று. எல்லாமாக மூன்று சிறப்புக் கட்டுரைகளும் எட்டு நல்ல கட்டுரைகளும் அந்த ஒரு வகுப்பிலிருந்து கிடைத்தன.

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலும் மாணவர் எழுதியதுண்டு. 2010-இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்க்கு விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி நடத்தப்பட்டது. போட்டி என்பதால் கட்டுரைகள் குவிந்தன. எனினும் போட்டிக்கு எழுதுவதும், அயலான் ஒருவன் கேட்கும் சான்றைத் தேடித் தந்து பலமுறை திருத்தி எழுதுவதும் வெவ்வேறு பயிற்சிகள். இரண்டாவதையே நம் கல்லூரிகளில் மிகுதியாகக் காண நான் ஆசைப்படுகிறேன்.

வான்கூவர் மாணவர் எழுதிய மூன்று சிறப்புக் கட்டுரைகளுள் ஒன்று, பெரு நாட்டு நாவலாசிரியர் மரியோ வர்காஸ் லோசாவைப் பற்றியது. 2010 அக்டோபரில் அவருக்கு இலக்கியத்திற்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, 'யார் இவர்?' என்று உலகெங்கும் தேடியவர்கள் வந்துசேர்ந்த பக்கம், இரண்டு ஆண்டுகளுக்குமுன் ஒரு வகுப்பறையில் எழுதப்பட்டது. 2025 ஏப்ரல் 13-ஆம் நாள் அவர் லிமா நகரில் காலமானார். அப்பக்கத்தில் அவருடைய மறைவு நாளை எவரோ ஒருவர் சேர்த்தார். 'வரலாறு' என்ற பகுதியைத் திறந்து பின்னோக்கிச் செல்வீர்களாயின், 2008-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அம்மாணவர்கள் செய்த ஒவ்வொரு திருத்தமும், நாளும் நேரமும் குறிக்கப்பட்டு அங்கே இருக்கக் காணலாம்.