வழக்கறிஞர் விளம்பரத் தடை

வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து வழக்குப் பிடிப்பதை இந்திய பார் கவுன்சிலின் 36ஆம் விதி தடுக்கிறது. இது 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின்கீழ் வந்தது. 2008இல் சற்றே தளர்த்தப்பட்டது: பெயர், முகவரி, பதிவு எண், கல்வித் தகுதி, வழக்குத் துறை போன்ற சில விவரங்களை மட்டும் இணையதளத்தில் தரலாம்.

வழக்கறிஞர்களைப் பட்டியலிட்டு மதிப்பெண் வழங்கிய இணையச் சேவைகள் இந்த விதியோடு மோதின. 2024 ஜூலை 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, அத்தகைய விளம்பரங்களை நீக்கவும் அவற்றின்வழி வழக்குத் தேடும் வழக்கறிஞர்கள்மீது நடவடிக்கை எடுக்கவும் வழிசெய்ய பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. சட்டத்தொழில் வணிகமல்ல, சேவை என்பது தீர்ப்பின் அடிப்படை.

தரகர்களிடமிருந்து கட்சிக்காரரைக் காப்பது அவசியமே. ஆனால் தடையின் சுமை எளியவர்மீதுதான் அதிகம் விழுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை ஆலையில் கை நசுங்கிய பீகார் தொழிலாளிக்கு, இழப்பீட்டு வழக்கில் தேர்ந்தவர் யார், கட்டணம் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான வழியில்லை. ஒப்பந்தக்காரரோ அறைத்தோழரோ சொல்லும் பெயரையே அவர் நம்ப வேண்டியிருக்கிறது. இருப்பினும், 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு, வருமானம் பாராமல் தொழில்துறைத் தொழிலாளர்களுக்கு இலவச சட்ட உதவி தருகிறது. திருவள்ளூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ 15100 என்ற சட்ட உதவி எண்ணையோ அவர் அணுகலாம்.