இருமுறை இசையேறிய பாட்டு

பால்டிக் கடலின் கரையில் அமைந்த எஸ்தோனியா, மக்கள்தொகை பதினான்கு இலட்சத்தையும் எட்டாத சிறு நாடு. குளிர்காலத்தில் அங்குப் பகற்பொழுது ஆறு மணி நேரமே. அவ்விழப்பை ஈடு செய்வது போல ஜூன் இறுதியில் இரவு முற்றும் இருளாமல் மங்கிய ஒளியிலேயே கழிந்துவிடும். ஜூன் 23ஆம் நாள் மாலை ஊர்தோறும் தீ வளர்ப்பர். பெரிய மர ஊஞ்சல்களில் ஆடுவர், விடியும்வரை பாடுவர். புனித யோவானின் பெயர் இவ்விழாவிற்குத் திருச்சபை இட்டது. தீயோ அதனினும் பழையது.

அத்தீயைச் சூழ்ந்து ஒலித்த பழம்பாடல்களின் யாப்பு பாவலர் கருதத்தக்கது. ஒருவர் ஓரடியைப் பாட, ஏனையோர் அதனைத் திருப்பிப் பாடுவர். அடிக்கு எட்டு அசை. மோனையே அதன் உயிர். இறுதி இயைபை அது பெரிதும் நாடுவதில்லை. ஒரு கருத்தையே சொல் மாற்றி அடுத்த அடியிலும் கூறிச் செல்வது அதன் இயல்பு.

யோவான் தீ அவிந்த சில நாட்களில், ஐந்தாண்டுக்கு ஒருமுறை, தாலின் நகரில் பெரும் பாட்டு விழா நிகழ்கிறது. தார்த்து நகரில் ஏற்றப்பெறும் சுடர் விழாத் திடலுக்குக் கொண்டுவரப்படுகிறது. இதனைக் காண்போர் தொல்பழங்காலத்துத் தீ வழிபாட்டின் தொடர்ச்சி என்றே எண்ணுவர். ஆனால் பாட்டு விழா பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமைத்துக்கொள்ளப்பட்டது. அதுவும் ஆண்டைகளிடமிருந்து கற்றுக்கொள்ளப்பட்டது.

அந்நாளில் எஸ்தோனிய மண் உருசியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. நிலமும் நகரமும் செருமானியப் பிரபுக்களின் கையில் இருந்தன. நாட்டு மொழியைப் பேசுவோர் உழவர் மட்டுமே. லிவோனியா மாநிலத்தில் உழவர் அடிமைமுறை 1819இல் ஒழிந்தது. அடிமை நீங்கிய உழவருக்கு நால்வகைக் குரலில் சேர்ந்து பாடும் முறையைக் கற்பித்தவை ஊர்ப்பள்ளிகளும் தொழுகைக் கூடங்களுமாம். செருமானியர் 1861இல் ரீகா நகரில் தமக்கென ஒரு பாட்டு விழா நடத்தினர். அதனையொட்டி எஸ்தோனியருக்கும் ஒன்று வேண்டும் என முயன்றவர் 'எஸ்தோனிய அஞ்சற்காரன்' எனும் பொருள்படும் இதழை நடத்திய யோகான் வோல்டெமார் யான்சன். அடிமை நீங்கிய ஐம்பதாம் ஆண்டினைக் கொண்டாடுவதாகக் காரணம் காட்டி அரசிடம் இசைவு கோரப்பட்டது. பேரரசர் அளித்த விடுதலைக்கு நன்றி கூறும் விழாவை எந்த அதிகாரியால் மறுக்க இயலும்? எனினும் இசைவு கிடைக்க நெடுநாள் ஆயிற்று.

1869 ஜூனில் தார்த்து நகரில் முதல் விழா நடந்தேறியது. பாடகரும் இசைக்கருவியாளருமாக எண்ணூறுக்கு மேற்பட்டோர் பங்கேற்றனர். அனைவரும் ஆண்கள். பாடப்பெற்றவற்றுள் பெரும்பாலானவை செருமானிய மரபில் வந்தவை. எஸ்தோனிய இசையமைப்பாளர் ஒருவர் இயற்றியவை இரண்டே. அவர் இளைஞரான அலெக்சாந்தர் குனிலெய்த். அவ்விரண்டின் சொற்களும் ஒருவருடையவை: யான்சனின் மகள் லிதியா. அப்போது அவருக்கு அகவை இருபத்தைந்து.

தந்தையின் இதழில் பெயரின்றி உழைத்தவர் லிதியா. 'எமாயோகி ஆற்றின் இராக்குயில்' என்னும் அவரது கவிதை நூலும் பெயரின்றியே வெளிவந்தது. 'விடியலுக்கு உரியவள்' என்ற பொருளில் 'கொய்துலா' எனும் புனைபெயரை அவருக்குச் சூட்டியவர் பிறிதோர் எழுத்தாளர். பெண்ணின் குரல் மேடையில் ஒலிக்க இடமில்லாத விழாவில் பெண்ணின் சொல்லே நிலைத்தது என்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட இயலாது. ஆடவரோடு மகளிரும் கூடிய பாடற்குழுக்கள் விழாவில் இடம்பெற 1891 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்கு ஐந்தாண்டு முன்பே கொய்துலா மறைந்துவிட்டார்.

அவ்விரு பாடல்களுள் ஒன்றின் பெயர் 'என் தந்தையர் நாடே என் அன்பு'. பழம்பாடலின் மோனை யாப்பில் அன்றி, மேலை முறையில் இயைபு கொண்ட யாப்பில் அமைந்தது அது. அன்பில் தொடங்கி, பிறர் பொறாமையை எதிர்கொள்ளும் உறுதியைச் சொல்லி, இறுதியில் அந்நாட்டின் மடியிலேயே துயில வேண்டும் என்ற விழைவில் முடிகிறது. அவ்விழைவு அவர் வாழ்நாளில் நிறைவேறவில்லை. 1873இல் படை மருத்துவர் ஒருவரை மணந்து உருசியக் கடற்படைத் தீவான குரோன்ஸ்தாத்துக்குச் சென்றார். 1886இல் புற்றுநோயால் அங்கேயே இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

எஸ்தோனியா 1918இல் விடுதலையை அறிவித்தது; 1940இல் சோவியத்து ஒன்றியத்தால் விழுங்கப்பட்டது. இடையில் செருமானிய ஆக்கிரமிப்பு. 1944இல் மீண்டும் சோவியத்து ஆட்சி. அப்போர்க் காலத்தில் கொய்துலாவின் சொற்களுக்குப் புதியதொரு மெட்டு அமைத்தார் கஸ்தாவ் ஏர்னெசாக்ஸ். மெட்டு மாறினால் பாட்டின் மனமும் மாறும் என்பது பாவலர் அறிந்ததே. ஏர்னெசாக்சின் மெட்டு மெல்லத் தொடங்கிப் படிப்படியாக ஏறுவது. தேவாலயப் பாட்டின் அடக்கம் உடையது.

சோவியத்து எஸ்தோனியாவின் அரசு கீதத்திற்கு இசையமைத்தவரும் இதே ஏர்னெசாக்ஸ்தான். ஸ்தாலின் பரிசு பெற்றவர். அவரை வீரர் என்று மட்டும் போற்றுவோரும் பணிந்தவர் என்று மட்டும் பழிப்போரும் பாதியையே காண்கின்றனர். அரசுக்கு ஒரு பாட்டுக் கொடுத்தவர் மக்களுக்கும் ஒன்று கொடுத்தார். எது நின்றது என்பதே கருதத்தக்கது.

1946இல் கொய்துலாவின் உடலெச்சம் குரோன்ஸ்தாத்திலிருந்து தாலினுக்குக் கொணரப்பட்டு மறு அடக்கம் செய்யப்பட்டது. பாட்டின் இறுதி விழைவை அறுபது ஆண்டு கழித்து நிறைவேற்றும் வாய்ப்பு, அந்நாட்டின் விடுதலையைப் பறித்த ஆட்சியிலேயே வாய்த்தது! செருமானியப் பிரபுக்களுக்கு எதிரான உழவரின் கவிஞர் என்ற முறையில் அவரை ஏற்பதில் ஆட்சியாளருக்குத் தடை இருந்திராது. மறு ஆண்டு விழாவில் புதிய மெட்டில் அப்பாடல் முழங்கியது. அதன் பின்னரே அச்சொற்கள் இப்போது யாரைச் சுட்டுகின்றன என்பது அதிகாரிகளுக்கு உறைத்தது போலும். பாடல் நிரலிலிருந்து நீக்கப்பட்டது. 1950இல் விழாவின் முதன்மை நடத்துநர்களான வெத்திக், கரிந்தி, பேத்ஸ் மூவரும் சிறைப்பட்டனர்.

பாட்டைச் சிறையிடுவது எளிதன்று. நூலைப் பறிமுதல் செய்யலாம். பல்லாயிரவர் நெஞ்சில் மனப்பாடமாக உள்ளதை எங்கே தேடிப் பறிப்பது? 1960இல் புதிய வளைவு மேடையில் நிகழ்ந்த விழாவில், நிரலில் இல்லாத அப்பாடலைப் பாடகர்கள் தாமே தொடங்கினர். 1965 முதல் அது நிரலிலேயே இடம்பெற்றது. தடுக்க இயலாததை அனுமதித்ததாகக் காட்டிக்கொள்வது ஆட்சிகளின் பழைய தந்திரம்.

1988 ஜூன் இரவுகளில் அத்திடலில் இளைஞர் திரண்டு பாடினர். 1869இன் மற்றொரு கொய்துலா பாடலும் அவ்வாண்டு புத்துயிர் பெற்றது. அலோ மத்தீசன் என்னும் இளம் இசையமைப்பாளர் அதனை ராக் இசையில் புகுத்தினார். செப்டம்பர் 11ஆம் நாள் திரண்டோர் ஏறத்தாழ மூன்று இலட்சம் என்பர்; அன்றைய மக்கள்தொகை சுமார் பதினைந்து இலட்சம். 'பாடும் புரட்சி' எனும் பெயர் அவ்வாண்டு பிறந்தது. 1989 ஆகஸ்டு 23இல் மூன்று பால்டிக் நாட்டு மக்களும் தாலினிலிருந்து வில்னியஸ் வரை அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் கைகோத்து நின்றனர். 1991 ஆகஸ்டு 20இல் எஸ்தோனியா மீண்டும் விடுதலையை உறுதி செய்தது. பாட்டே விடுதலை தந்தது என்பது மிகை. சோவியத்து ஆட்சி உள்ளுக்குள்ளேயே தளர்ந்துகொண்டிருந்தது. அத்தளர்ச்சியின்போது மக்கள் ஒரே இடத்தில் குருதி சிந்தாமல் கூடி நிற்பதற்கு, நூறாண்டுக்கு மேற்பட்ட பழக்கம் ஒன்று ஆயத்தமாக இருந்தது என்பதே உண்மை.

2019இல் விழாவின் 150ஆம் ஆண்டு நிறைவுற்றபோது, 'என் அன்பு' எனும் கொய்துலாவின் சொல்லே விழாவின் பெயராயிற்று. 2025 ஜூலை விழா வட்டார வழக்குகளையும் கிளைமொழிகளையும் கருப்பொருளாகக் கொண்டது. உக்ரைன் மீது 2022இல் உருசியா தொடுத்த போர் பழைய அச்சங்களை அங்கு மீண்டும் எழுப்பியுள்ளது. 2024 இலையுதிர்காலம் முதல் உருசிய மொழிப் பள்ளிகள் படிப்படியாக எஸ்தோனிய மொழிக்கு மாற்றப்பட்டு வருகின்றன. நாட்டு மக்களில் ஏறத்தாழக் கால்பங்கினர் உருசிய மொழியினர். அவர்களுள் பலர் அம்மண்ணிலேயே பிறந்தவர்கள். ஒடுக்கப்பட்டோர் பாடிய பாட்டை இன்று ஆளும் பெரும்பான்மையினர் பாடுகின்றனர். 'என் நாடு' என்னும் சொல்லை இவ்விரு சாராரின் குழந்தைகளும் இப்போது ஒரே வகுப்பறையில், ஒரே மொழியில் கற்கத் தொடங்கியுள்ளனர்.